தறி அட்டையால் கணக்குப் போட நினைத்தவர்

ஆண்டிப்பட்டி, சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம். தேனி மாவட்டத்தில் நெசவுக்குப் பேர் போன ஊர்கள் இவை. சேலைக் கரையில் பூவும் கொடியும் போடும் தறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்து அதில் தொங்கும். நெசவாளி மிதியை மிதிப்பார். ஓர் அட்டை வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் நூல் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழே கிடக்கும். அட்டை மாற மாறச் சேலையில் பூ விழும்.

அதற்கு ஜக்கார்டு என்று பெயர். பிரான்சு தேசத்து ஜக்கார்டு என்பவர், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஏற்பாடு அது.

அந்த அட்டையைப் பார்த்து ஓர் ஆங்கிலேயர் யோசித்தார். அட்டை சொன்னபடி தறி பூப் போடுகிறது. அப்படியானால், அட்டை சொன்னபடி ஓர் எந்திரம் கணக்குப் போடாதா?

அவர்தான் சார்லஸ் பாபேஜ். வீடுகளுக்கு மின்சாரம் வராத காலத்திலேயே கம்ப்யூட்டருக்குப் படம் வரைந்தவர். சுமார் 50 ஆண்டுகள் அதே நினைவாக இருந்தார். ஆனால், தாம் நினைத்த எந்திரங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காமலே கண்ணை மூடினார். ஏன்?

பொம்மையை உடைத்த பிள்ளை

பாபேஜ் 1791-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் பெஞ்சமின் பாபேஜ், பாங்கு நடத்தியவர். வசதியான குடும்பம். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. கடும் காய்ச்சல் வந்து பிழைத்தான். பெற்றோர் பயந்து போய், ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பையனை அதிகமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம் என்று வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பொம்மை வாங்கிக் கொடுத்தால், இதற்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்பான். சரியான பதில் கிடைக்காவிட்டால் உடைத்துப் பார்த்துவிடுவான்.

ஒருநாள் தாயார் அவனை ஒரு காட்சிசாலைக்கு அழைத்துப் போனார். அங்கே வெள்ளியால் செய்த நாட்டியப் பெண் பொம்மை இருந்தது. அவள் விரலில் ஒரு பறவை. அது வாலை ஆட்டும், சிறகை அடிக்கும். எல்லாம் சக்கரத்தின் வேலை. சிறுவன் அதை மறக்கவே இல்லை. பெரியவனான பிறகு, 1834-ம் ஆண்டில், அதே பொம்மை ஏலத்துக்கு வந்தது. 35 பவுன் கொடுத்து வாங்கினார். பழுது பார்த்துத் தம் வீட்டுக் கூடத்தில் வைத்தார்.

பிறகு பையனுக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்தது. பள்ளி விடுதியில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, தோழன் ஒருவனுடன் திருட்டுத்தனமாகக் கணக்குப் படிப்பான். 1810-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே சொல்லிக் கொடுத்தவர்களைவிட இவருக்கு அதிகம் தெரிந்திருந்தது! ஹெர்ஷல், பீக்காக் என்ற நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். இங்கிலாந்தின் பழைய கணக்குமுறையை மாற்ற வேண்டும் என்று வாதாடினார்.

1814-ம் ஆண்டு ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்தார். இந்தக் கலியாணம் தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தம்பதிகள் மனம் ஒத்து வாழ்ந்தார்கள்.

வேலை தேடி அலைந்தார் பாபேஜ். இந்தியாவுக்கு அதிகாரிகளை அனுப்பப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்தியது. அங்கே கணக்கு ஆசிரியர் வேலைக்கு 1816-ம் ஆண்டு மனுப் போட்டார். கிடைக்கவில்லை.

தப்பான வாய்பாடு

அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டுகிறவருக்கும், பாலம் கட்டுகிறவருக்கும், வட்டிக்கடைக்காரருக்கும் ஒரே துணை வாய்பாட்டுப் புத்தகம்தான். பக்கம் பக்கமாக எண்கள். அவற்றைக் கணக்குப் போட்டவர்கள் மனிதர்கள். நகல் எழுதியவர்கள் மனிதர்கள். அச்சுக் கோத்தவர்களும் மனிதர்கள். மனிதன் கை பட்டால் தப்பு வராமல் இருக்குமா? நடுக்கடலில் தப்பான எண்ணை நம்பினால் கப்பல் பாறையில் மோதும்.

1821-ம் ஆண்டு பாபேஜும் ஹெர்ஷலும் உட்கார்ந்து, வான சாஸ்திர வாய்பாடு ஒன்றைச் சரி பார்த்தார்கள். எடுத்த இடமெல்லாம் தப்பு. பாபேஜ் சலித்துப் போனார். நீராவியே இந்தக் கணக்கைப் போடக்கூடாதா என்று கேட்டார். நடக்கக்கூடியதுதான் என்றார் ஹெர்ஷல். அந்த ஒரு பேச்சுத்தான் பாபேஜின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

கூட்டல் மட்டும் போதும்

எந்திரத்துக்குப் பெருக்கத் தெரியாது. கூட்ட மட்டும் கற்றுக் கொடுக்கலாம். அதுவே போதும் என்று கண்டார் பாபேஜ். எப்படி?

1, 4, 9, 16, 25. ஓரொன்று ஒன்று, ஈரிரண்டு நாலு என்று வரும் எண்கள் இவை. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம் பாருங்கள். எப்போதும் 2தான்! இனிப் பெருக்கவே வேண்டாம். 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. 25-உடன் 11-ஐக் கூட்டினால் 36. ஆறாறு முப்பத்தாறு. சரியாக வந்துவிட்டது.

இதைப் பல் சக்கரங்களால் செய்யலாம். கைப்பிடியைச் சுற்றினால் விடை வரிசையாக வரும். விடையை எந்திரமே அச்சுக்கும் பதிக்க வேண்டும். அப்போதுதான் அச்சுக் கோப்பவர் தப்புச் செய்ய முடியாது. இதற்கு வித்தியாச எந்திரம் என்று பெயர் வைத்தார். 1822-ம் ஆண்டு சிறிய மாதிரி ஒன்று செய்து காட்டினார். அறிஞர்கள் வியந்தார்கள். மறு ஆண்டு இங்கிலாந்து சர்க்கார் 1,500 பவுன் கொடுத்தது.

ஜோசப் கிளெமெண்ட் என்ற கைதேர்ந்த தொழிலாளி வேலையை ஏற்றார். எந்திரத்துக்குச் சுமார் 25,000 உறுப்புகள் வேண்டும். ஒரே மாதிரியான சக்கரம் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஒன்றுபோல் மற்றொன்றை அச்சாகச் செய்யும் வழக்கம் அப்போது இல்லை. முதலில் கருவி செய்ய வேண்டும், பிறகு அந்தக் கருவியால் சக்கரம் செய்ய வேண்டும். ஆண்டுகள் ஓடின. பணம் கரைந்தது. ஆனால் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் பெரிய நிபுணர்கள் ஆனார்கள். பிற்காலத்தில் திருகாணிகளுக்கு ஒரே அளவு ஏற்படுத்திய விட்வொர்த் அங்கே வேலை பார்த்தவர்தான்.

துக்கமான ஆண்டு

1827-ம் ஆண்டு பாபேஜின் தலையில் இடி விழுந்தது. முதலில் தகப்பனார் இறந்தார். பிறகு சார்லஸ் என்ற மகன் போனான். அடுத்து அன்பு மனைவி ஜார்ஜியானா போனார். பிறந்த பச்சைக் குழந்தையும் போயிற்று. ஒரே ஆண்டில் நான்கு சாவு. பாபேஜுக்குப் பிறந்த குழந்தைகள் எட்டு. அவருக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மூன்று மகன்கள் மட்டுமே.

மனம் உடைந்த பாபேஜ் வெளிநாடு போனார். தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்து சுமார் ஒரு லட்சம் பவுன். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். திரும்பி வந்து எந்திர வேலையிலேயே மூழ்கினார். மறுமணம் செய்யவில்லை.

1832-ம் ஆண்டு எந்திரத்தில் ஏழில் ஒரு பங்கு முடிந்தது. சுமார் 2,000 உறுப்புகள். அது தப்பில்லாமல் கணக்குப் போட்டது. ஆனால் மறு ஆண்டே பாபேஜுக்கும் கிளெமெண்டுக்கும் பணத் தகராறு. கிளெமெண்ட் வேலையை நிறுத்தி, ஆள்களை அனுப்பிவிட்டார். கருவிகள் செய்தவனுக்கே சொந்தம் என்பது அன்றைய வழக்கம். கருவிகளும் போயின.

முடிந்த துண்டைப் பாபேஜ் வீட்டில் வைத்தார். பெரிய மனிதர்கள் விருந்துக்கு வருவார்கள். ஓர் அறையில் வெள்ளி நாட்டியக்காரி. மற்றொரு அறையில் கணக்கு எந்திரம். வந்தவர்கள் ஆடும் பொம்மையைச் சுற்றியே கூட்டம் போடுவார்கள்! பாபேஜுக்கு மனம் வலிக்கும்.

ஆலையும் கிடங்கும்

வேறு ஒருவராக இருந்தால், நின்ற வேலையை முடிக்க வழி தேடியிருப்பார். பாபேஜின் மூளை வேறு பக்கம் ஓடியது. வித்தியாச எந்திரம் ஒரே வகைக் கணக்கைத்தான் போடும். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போடும் எந்திரம் ஒன்று செய்தால் என்ன? 1834-ம் ஆண்டு அதற்குப் படம் போடத் தொடங்கினார். பகுப்பு எந்திரம் என்று அதைச் சொல்லலாம்.

அதை இரண்டு பாகமாகப் பிரித்தார். ஒன்று கிடங்கு. எண்களை அடுக்கி வைக்கும் இடம். மற்றொன்று ஆலை. எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுக்கும் இடம். பஞ்சு கிடங்கிலிருந்து ஆலைக்குப் போகிறது, நூலாகித் திரும்புகிறது. அதுபோலவே எண் கிடங்கிலிருந்து ஆலைக்குப் போக வேண்டும், விடையாகித் திரும்ப வேண்டும். தேனியின் பஞ்சாலைகளை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இன்றைய கம்ப்யூட்டரிலும் ஏற்பாடு இதுதான். ஆலைக்குப் புராசசர் என்று பெயர், கிடங்குக்கு மெமரி என்று பெயர்.

என்ன கணக்கு, எந்த வரிசையில் என்று எந்திரத்துக்கு யார் சொல்வது? 1836-ம் ஆண்டு பாபேஜ் விடை கண்டார். ஜக்கார்டு அட்டை! ஓர் அட்டை கூட்டு என்று சொல்லும். இன்னோர் அட்டை, எந்த இடத்து எண்ணை எடுப்பது என்று சொல்லும். அட்டைக் கட்டை மாற்றினால் எந்திரம் வேறு கணக்குப் போடும். இதைத்தான் இன்று புரோகிராம் என்கிறோம். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்றைப் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு படத்தை நெய்ய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, தம் எந்திரத்தை விளக்குவார்.

அடுத்த வீட்டுக்காகக் காத்திருக்கும் சக்கரம்

கூட்டுவது சின்ன வேலை போலத் தோன்றும். அதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது.

9,999-உடன் 1-ஐக் கூட்டுங்கள். ஒன்றாம் இடத்தில் பத்து ஆகிறது. பூஜ்யம் போட்டு, ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டு போகிறோம். அங்கேயும் பத்து. மறுபடி பூஜ்யம், மறுபடி ஒன்று. இப்படிக் கடைசி இடம் வரை போக வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் பக்கத்துச் சக்கரம் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பாபேஜ் ஒவ்வோர் எண்ணுக்கும் 40, 50 இடம் வைக்க நினைத்தவர். காத்திருந்தால் பொழுது போய்விடும்.

எங்கே ஒன்பது நிற்கிறது, எங்கே பத்து வரப்போகிறது என்று எந்திரமே முன்கூட்டிப் பார்க்க வேண்டும். பார்த்து, எல்லா இடத்துக்கும் ஒரே வீச்சில் ஒன்றைக் கொண்டு சேர்க்க வேண்டும். அப்படி ஓர் ஏற்பாட்டைப் பாபேஜ் கண்டுபிடித்தார். தம் வேலைகளில் அதைப்பற்றி அவருக்கு மிகவும் பெருமை.

இன்னொரு புதுமை, குமிழ் உருளை. பெருக்கு என்று அட்டை சொல்லிவிட்டது. பெருக்குவதற்கு ஆலைக்குள் எத்தனையோ சிறு அசைவுகள் வேண்டும். இந்தச் சக்கரத்தைச் சேர், அந்த நெம்புகோலைத் தூக்கு, இப்போது நிறுத்து! இவற்றை யார் சொல்வது? ஆலைக்குள் உயரமான உருளைகளை நிறுத்தினார் பாபேஜ். உருளை மேல் வரிசை வரிசையாகக் குமிழ்கள். குமிழ் இருந்தால் நெம்புகோல் அசையும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஒரு வரிசை முடிந்ததும், அடுத்து எந்த வரிசை என்பதையும் உருளையே முடிவு செய்யும். வெளியே அட்டையில் ஒரு கட்டளை. உள்ளே குமிழில் அதற்கான பல சிறு கட்டளைகள்.

குமிழும், முன்கூட்டிப் பார்க்கும் ஏற்பாடும் மறுபடி வரப்போகின்றன. அதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கவிஞர் மகள்

பைரன் என்ற புகழ் பெற்ற கவிஞரின் மகள் ஏடா. 1833-ம் ஆண்டு, 17 வயதில், பாபேஜின் வீட்டுக்கு வந்து எந்திரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஏடா புரிந்துகொண்டார்.

1840-ம் ஆண்டு பாபேஜ் இத்தாலிக்குப் போய்த் தம் புதிய எந்திரத்தைப்பற்றி விளக்கினார். அதைக் கேட்ட மெனப்ரியா என்ற என்ஜினீயர், பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். ஏடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கூடவே தம் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் கட்டுரையைப்போல மூன்று மடங்கு நீளம்! 1843-ம் ஆண்டு அது வெளிவந்தது. ஒரு கடினமான கணக்கை எந்திரம் எந்த வரிசையில் போட வேண்டும் என்று அதில் அட்டவணை இருந்தது. உலகில் அச்சான முதல் புரோகிராம் என்று பலரும் சொல்வது அதைத்தான். இந்த எந்திரம் எண்ணோடு நிற்காது, விதி வகுத்துக் கொடுத்தால் இசையைக்கூட அமைக்கும் என்று ஏடா எழுதினார். ஆனால் தானாக எதையும் புதிதாக எண்ணாது, நாம் சொல்வதையே செய்யும் என்றும் எழுதினார்.

1852-ம் ஆண்டு ஏடா காலமானார். வயது 36தான்.

சர்க்கார் கைவிட்டது

பழைய வித்தியாச எந்திரத்துக்குச் சர்க்கார் கொடுத்த பணம் 17,000 பவுனுக்கு மேல் போய்விட்டது. எந்திரம் முடியவில்லை. இந்த நிலையில் பாபேஜ், இதைவிட நல்லது ஒன்று என் மனத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். கேட்ட மந்திரிகளுக்கு எப்படி இருக்கும்? 1842-ம் ஆண்டு பிரதம மந்திரி பீல், இனிப் பணம் இல்லை என்று முடிவு செய்தார். பாபேஜ் நேரில் போய் வாதாடினார். பேச்சு சண்டையில் முடிந்தது.

அந்த நாளில் தாயார் மகனுக்குத் தைரியம் சொன்னார். ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்று வாழ நேர்ந்தாலும், எடுத்த காரியத்தை விடாதே என்றார் அந்த அம்மையார்.

பாபேஜ் விடவில்லை. 1847 முதல் 1849 வரை இரண்டாவது வித்தியாச எந்திரத்துக்குப் படம் போட்டார். பழையதைவிட மிகவும் எளியது. உறுப்புகளும் குறைவு. அதைச் சர்க்காருக்குக் காட்டினார். ஏற்க ஆள் இல்லை.

குற்றம் யார் பேரில்? சர்க்காருக்குப் பொறுமை இல்லை. கிளெமெண்டுக்குப் பண ஆசை. ஆனால் பாபேஜிடமும் குறை இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அதை எளிதில் சொல்லலாம். பெரியாற்று அணை வேலை 1887-ம் ஆண்டு தொடங்கியது. வெள்ளம் வந்து தற்காலிகக் கட்டுமானத்தை அடித்துப் போயிற்று. பென்னிகுக் மறுபடி அதே இடத்தில், அதே அணையைக் கட்டினார். 1895-ம் ஆண்டு தண்ணீர் வந்தது. பாபேஜோ, பாதிக் கட்டடத்தில் நின்றுகொண்டு, இதைவிட நல்ல கட்டடத்துக்குப் படம் போடுவார். படம் நன்றாக வந்தது. கட்டடம்தான் வரவில்லை.

நாக்கும் கூர்மை. பெரியவர்களைக் கடுமையாகத் தாக்கி எழுதுவார். உதவ வந்தவர்களும் ஒதுங்கினார்கள். தெருவில் பெட்டி வாத்தியம் வாசிப்பவர்கள் அவர் வேலைக்கு இடைஞ்சல். வழக்குப் போட்டார், சட்டம் கேட்டார். 1864-ம் ஆண்டு சட்டமும் வந்தது. ஆனால் தெருப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே வந்து கேலி செய்தார்கள். வேண்டுமென்றே வாத்தியக்காரர்கள் அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து வாசித்தார்கள்.

ஆனாலும் பொறாமை இல்லாத மனிதர். சுவீடன் தேசத்துத் தகப்பனும் மகனும், ஷூட்ஸ் என்பவர்கள், இவருடைய கருத்தைப் படித்துத் தாமே ஒரு வித்தியாச எந்திரம் செய்தார்கள். 1855-ம் ஆண்டு பாரீஸ் பொருட்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாபேஜ் மனமாரப் பாராட்டினார். அவர்களுக்காகப் பலரிடமும் பரிந்து பேசினார்.

1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ந்தேதி பாபேஜ் லண்டனில் காலமானார். 79 வயது. சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலரே.

இந்தியாவில் இருந்த மகன்

பாபேஜின் கடைசி மகன் ஹென்றி. இவர் இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்தவர். லீவில் ஊருக்குப் போகும்போது தகப்பனாரிடம் எந்திர வேலை கற்றுக்கொண்டார். உயிலில் பாபேஜ், எந்திரத் துண்டுகளையும் படங்களையும் இந்த மகனுக்கே எழுதி வைத்தார்.

1874-ம் ஆண்டு ஹென்றி மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். தகப்பனாரின் கட்டுரைகளைச் சேர்த்து 1889-ம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். மிச்சமான சக்கரங்களைக்கொண்டு சிறு மாதிரிகள் சில செய்து, பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். பகுப்பு எந்திரத்தின் ஆலையில் ஒரு பகுதியைக் கட்டி, 1910-ம் ஆண்டு ஓட்டியும் காட்டினார். அப்போது அவருக்கு 85 வயது!

அனுப்பிய மாதிரிகளில் ஒன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. அங்கே ஹோவர்ட் ஐக்கன் என்ற இளைஞர் அதைப் பார்த்தார். 1944-ம் ஆண்டு அவர் திட்டமிட்ட பெரிய கணக்கு எந்திரம் ஓடத் தொடங்கியது. மகன் அனுப்பிய மாதிரி வீண் போகவில்லை.

குமிழ் மறுபடி வந்தது

பாபேஜ் படித்த அதே கேம்பிரிட்ஜில், 1951-ம் ஆண்டு, வில்க்ஸ் என்ற அறிஞர் ஒரு யோசனை சொன்னார். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையையும், உள்ளே பல சிறு கட்டளைகளாகப் பிரித்து அட்டவணையாக வைக்கலாம் என்றார். குமிழ் உருளையின் வேலைதான்! குமிழுக்குப் பதில் மின்சாரம். 1958-ம் ஆண்டு கேம்பிரிட்ஜில் அந்த முறையில் ஒரு கம்ப்யூட்டர் ஓடியது. அதன் ஆலையும், ஒரே மாதிரித் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் கட்டியது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் ஓர் இளைஞர் குழு, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டியது. 1960-ம் ஆண்டு அது வேலைக்கு வந்தது. டிப்ராக் என்று பெயர். குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர்.நரசிம்மன், சென்னையில் பிறந்தவர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்.

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் ஏ.எம்.டி. கம்பெனி 2901 என்ற சில்லு ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது முழுப் புராசசர் அல்ல. ஒரு துண்டு. ஒரு சிறிய ஆலை, 16 எண் கொள்ளும் ஒரு சிறிய கிடங்கு. கம்ப்யூட்டர் எண்ணில் வரும் இலக்கம் பூஜ்யம் அல்லது ஒன்றுதான். அப்படிப்பட்ட இலக்கங்களில் நான்கை மட்டும் ஒரு துண்டு பார்த்துக்கொள்ளும். நான்கு துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் 16 இலக்கம். எட்டு வைத்தால் 32. பாபேஜ் இலக்கத்துக்கு ஒரு சக்கரமாக அடுக்கினாரே, அதே முறை.

அடுக்கினால் அதே பழைய சிக்கல். ஒரு துண்டு அடுத்த துண்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கென்றே 2902 என்ற துணைச் சில்லு. எங்கே ஒன்று வரப்போகிறது என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்வதே அதன் வேலை. பாபேஜ் சக்கரத்தில் செய்ததை அது மின்சாரத்தில் செய்தது.

இந்தத் துண்டுகளை வாங்கியவர்கள் தமக்கு வேண்டிய புராசசரைத் தாமே கட்டினார்கள். எந்தெந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்தார்கள். அதை ஒரு மெமரிச் சில்லில் வரிசை வரிசையாக எழுதினார்கள். இந்த இடத்தில் ஒன்று, இந்த இடத்தில் பூஜ்யம். அதாவது, இங்கே குமிழ் வேண்டும், இங்கே வேண்டாம். ஓர் இடம் தப்பினால் எந்திரம் தாறுமாறாக ஓடும். பொறுமையான வேலை. பிறகு ஒரே சில்லுக்குள் முழுப் புராசசரும் அடங்கியது. துண்டுகளை அடுக்கும் தேவை குறைந்தது. இன்று போடிநாயக்கனூரில் ஏலக்காய் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் போகிறது. வியாபாரி விசையைத் தட்டுகிறார், விலை திரையில் ஏறுகிறது. உள்ளே எண்களைக் கூட்டுவதும் ஒப்பிடுவதும் ஓர் ஆலை, ஒரு கிடங்கு.

பாபேஜ் சொன்னது சரிதானா?

ஒரு சந்தேகம் மட்டும் நெடுநாள் இருந்தது. பாபேஜின் எந்திரத்தைக் கட்டினால் உண்மையில் ஓடுமா? அந்தக் காலத்துப் பட்டறையில் அவ்வளவு நுட்பமாகச் சக்கரம் செய்ய முடியாது, அதனால்தான் தோற்றார் என்று பலர் சொன்னார்கள்.

லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையினர் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். இரண்டாவது வித்தியாச எந்திரத்தின் படங்களை எடுத்தார்கள். 1985-ம் ஆண்டு முதல் அதில் இறங்கினார்கள். பாபேஜ் காலத்தில் எவ்வளவு நுட்பம் கிடைத்ததோ, அதற்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். படத்தில் சில சிறு தவறுகள் இருந்தன. திருத்தினார்கள். சுமார் 4,000 உறுப்புகள் சேர்ந்தன.

1991-ம் ஆண்டு, பாபேஜின் 200-வது பிறந்த ஆண்டில், கைப்பிடியைச் சுற்றினார்கள். வெண்கலச் சக்கரங்கள் அலை போல எழும்பி விழுந்தன. 31 இலக்கம் வரை விடை வந்தது. தப்பில்லை! 2002-ம் ஆண்டு அச்சுப் பகுதியையும் சேர்த்தார்கள். அதுவும் ஓடியது. பகுப்பு எந்திரத்தை மட்டும் இன்றுவரை யாரும் முழுதாகக் கட்டவில்லை.

எடுத்த வேலையை முடிக்க வேண்டும். அதில் பாபேஜ் தவறினார். முடிக்க முடியாவிட்டால், பின்னால் வருகிறவன் முடிக்கும்படி தெளிவாக வரைந்து வைக்க வேண்டும். அதில் அவர் தவறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தறியாதவர்கள், 140 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் போட்ட படத்தை விரித்து வைத்துக்கொண்டு எந்திரத்தைக் கட்டி முடித்தார்கள்.